மேட்டூர் தண்ணிக்கு அடியில இருக்கிற ஊர்கள்



இந்த மலருக்கு வரலாறு சம்பந்தமா ஒரு கட்டுரை எழுதிக் கொடுன்னு தலைவி அக்கா கேட்டாங்க. குழு எப்போ ஆரம்பிச்சது, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு வங்கிக் கடன் வாங்கி அடைச்சோம் என்பதையெல்லாம் மற்ற சகோதரிகள் எழுதுறாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த வரலாறு ஒண்ணு என்கிட்ட இருக்கு, அதை எழுதுறேன். அது நான் பிறந்த பக்கத்துக் கதை. சேலம் மாவட்டம், மேட்டூருக்கு மேற்கே கொளத்தூர் பக்கம் எங்க ஊர். கல்யாணம் ஆகி நெம்மேலிக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. "அம்மாயி"ன்னு நான் சொன்னா இங்க எல்லாரும் சிரிப்பாங்க, இங்க "ஆயா" தானே. இப்போ என் பிள்ளைகளும் ஆயான்னுதான் சொல்லுதுங்க.

மேட்டூர் அணை பத்தி நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். ஜூன் 12-ஆம் தேதி தண்ணி திறந்தாங்களா, இல்லையா, எத்தனை அடி இருக்குன்னு டிவியில தினம் சொல்றாங்க. 120 அடின்னா நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். அந்த 120 அடித் தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல.

முதல்ல அந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வாங்கிக்கணும். காவேரி கர்நாடகத்துலேர்ந்து நம்ம மாநிலத்துக்குள்ள வர்றது சமவெளியில இல்ல, மலை இடுக்குல. மேல மேகேதாட்டுன்னு ஒரு இடம், அந்தக் கன்னடப் பேருக்கு ஆடு தாண்டுற இடம்னு அர்த்தம். அவ்வளவு பெரிய ஆறு அங்க பாறைக்கு நடுவுல ஒடுங்கி ஓடுது. அப்புறம் ஒகேனக்கல்ல விழுது. விழுந்த தண்ணி ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பாறை நிக்கிற சந்துல புகுந்து, மலைகளுக்கு நடுவுலேயே வளைஞ்சு வளைஞ்சு தெற்கே இறங்குது. கீழே வர வர இடுக்கு கொஞ்சம் அகலமாகும். மலை விலகின இடத்துலயெல்லாம் கரை ஓரமா வண்டல் படிஞ்ச நிலம். அங்கதான் ஊர்கள். கடைசியா சீதாமலையும் பாலமலையும் கிட்டக் கிட்ட வந்து ஆத்தை மறுபடியும் நெருக்குற இடத்துல, ரெண்டு மலைக்கும் நடுவுல சுவரை எழுப்பி அடைச்சுட்டாங்க. அதுதான் அணை. அடைச்சதும் மேல இருந்த பள்ளத்தாக்கு முழுக்க ஏரியாயிடுச்சு. நிரம்பி நிக்கும்போது அந்த ஏரி கிட்டத்தட்ட 59 சதுர மைல்.

அந்தப் பள்ளத்தாக்கு ஒரு மூலையில கிடந்த காட்டு நிலம்னு நினைக்காதீங்க. மைசூர்ச் சீமையில இருந்து கொங்குநாட்டுக்கும் சேலத்துக்கும் இறங்குற பழைய பாதைகள்ல ஒண்ணு அது. கொள்ளேகால்ல புறப்பட்டு, மாதேஸ்வரன் மலைக் காட்டைத் தாண்டி, காவேரிபுரத்துல ஆத்தங்கரைக்கு வந்து இறங்குற கணவாய். வழி இருந்தா வியாபாரம் இருக்கும், வரி இருக்கும், சண்டையும் இருக்கும். அதனாலதான் காவேரிபுரத்துல கோட்டை. தாரமங்கலம் கோயிலைப் பார்த்தவங்களுக்குக் கெட்டி முதலிமார் பேரு தெரிஞ்சிருக்கும், சேலம் பக்கம் ஆண்ட பாளையக்காரர்கள். காவேரிபுரம் அவங்க கையில இருந்த கோட்டை. பின்னால ஹைதர் அலி காலத்துல அந்தக் கோட்டைக்காக வெள்ளைக்காரனோட சண்டை நடந்துச்சு.

திப்பு சுல்தான் இறந்த மறு வருஷம், 1800-ல, பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரைக் கம்பெனி அரசாங்கம் ஊர் ஊரா அனுப்பிச்சு. புதுசாப் பிடிச்ச நாட்டுல என்ன விளையுது, என்ன கூலி, என்ன வரின்னு கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க. அவர் காவேரிபுரம் கணவாய் வழியா இறங்கி வந்து அந்த ஊரைப் பத்தியும் எழுதி வெச்சிருக்கார். பயிர், பாசனம், கோட்டை, யார் கட்டினது எல்லாம் இருக்கு. ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி ஆட்களைக் கேட்டிருப்பார். பொம்பளைங்களைக் கேட்டிருக்க மாட்டார், கேட்டிருந்தா எங்களுக்கு வேற நாலு விஷயமும் கிடைச்சிருக்கும்.

காவேரிபுரம், பண்ணவாடி, சாம்பள்ளி, நாயம்பாடின்னு ஆத்தோரம் வரிசையா ஊர்கள். பண்ணவாடியில ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்துச்சு. அதே பக்கத்துல ரெட்டைக் கோபுரம் வெச்ச மாதா கோயிலும் இருந்துச்சு. மலைக் கணவாய் வழியா வந்தவங்களும் போனவங்களும் இந்து, கிறிஸ்தவங்க, தமிழ் பேசுறவங்க, கன்னடம் பேசுறவங்கன்னு எல்லாரும் கலந்து குடியிருந்த இடம் அது. பரிசல்ல ஏறினா அக்கரை. இப்பவும் பண்ணவாடியில பரிசல்துறை இருக்கு, எதிர்க்கரை தர்மபுரி மாவட்டம் நாகமரை. ஆனா அப்போ கடந்தது ஆறு, இப்போ கடக்குறது ஏரி.

அணை ஏன் கட்டினாங்கன்னும் சொல்லிடணும், இல்லேன்னா நியாயம் இல்ல. தஞ்சாவூர் டெல்டாவுக்குத் தண்ணி ஒழுங்கா வராது. ஒரு வருஷம் காயும், ஒரு வருஷம் வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போகும். மைசூர் ராஜ்யம் மேல கிருஷ்ணராஜசாகர் கட்ட ஆரம்பிச்சதும் நம்ம பக்கம் பயம் அதிகமாச்சு. கடைசியில 1924 பிப்ரவரியில சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டாங்க. அதே வருஷம் ஜூலையில காவேரியில பெருவெள்ளம் வந்துச்சு. 1925-ல மேட்டூர்ல வேலை தொடங்குச்சு. எல்லிஸ்னு ஒரு இன்ஜினியர் போட்ட திட்டம். அவர் பேருதான் உபரித் தண்ணி போற 16 கண் மதகுக்கு இருக்கு. ஒன்பது வருஷ வேலை, சுமார் 4.80 கோடி ரூபாய் செலவு. 1934 ஆகஸ்டு 21-ஆம் தேதி கவர்னர் ஸ்டான்லி திறந்து வெச்சார். அதான் ஸ்டான்லி நீர்த்தேக்கம். அந்தக் காலத்துல உலகத்துலேயே பெரிய அணைகள்ல ஒண்ணு. இதோட சேர்த்து வெட்டின புதுக் கால்வாயால பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் 3 லட்சம் ஏக்கர் புதுசாப் பாசனம் பெற்றுச்சு. இன்னைக்கு மொத்தமா 16 லட்சம் ஏக்கர் வரைக்கும் மேட்டூர்த் தண்ணியை நம்பி இருக்குன்னு சொல்றாங்க. நாம ரேஷன்ல வாங்குற அரிசியில ஒரு பங்கு அந்தத் தண்ணியில விளைஞ்சதுதான். இதையெல்லாம் நான் குறைச்சுப் பேசல.

ஒன்பது வருஷம் சுவர் எழும்புறதைப் பார்த்துக்கிட்டே ஊர்க்காரங்க விவசாயம் பண்ணிட்டு இருந்திருக்காங்க. அதுதான் எனக்கு நினைச்சா ஒரு மாதிரி இருக்கும். தண்ணி வரும்னு தெரியும். எந்த வருஷம், எந்த வயல் வரைக்கும்னு தெரியாது.

எங்க கொள்ளுப்பாட்டி, அதாவது அம்மாயியோட அம்மா, அந்த நேரத்துல பழைய பண்ணவாடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருந்த பொண்ணு. பதினாலு பதினஞ்சு வயசுதான் இருக்கும். நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே அவங்க இறந்துட்டாங்க. அவங்க சொன்னதை அம்மாயி சொல்லி, அம்மாயி சொன்னதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேட்டு நிலத்துல புது வீடு கட்டிக்கிட்டு ஒவ்வொரு சாமானா வண்டியில ஏத்திக் கொண்டு போனாங்களாம். கதவு, நிலை, உத்திரம், ஓடு எல்லாத்தையும் பிரிச்சு எடுத்தாச்சு. தானியம் கொட்டி வைக்கிற மண் குதிரைத் தூக்க முடியாது, உடைஞ்சுடும். அதை அப்படியே விட்டுட்டாங்க. ஆட்டுக்கல்லை எடுத்துக்கிட்டு உரலை விட்டுட்டாங்க, வண்டி பாரம் தாங்கலையாம். குலதெய்வத்துக்குப் பிடிமண் எடுத்தாங்க. பழைய இடத்துல ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கிட்டுப் போய்ப் புது இடத்துல வெச்சுட்டா சாமி அங்க வந்துடும், நம்ம வழக்கம் தெரிஞ்சதுதானே. சாமி வந்துடுச்சு. ஆனா தண்ணி எடுக்கப் போன துறை வரல.

அந்தத் துறைக்கு ஒரு பேரு இருந்துச்சாம். ஆம்பளைங்க பரிசல் ஏறுற துறை வேற, பொம்பளைங்க துணி துவைச்சு, குளிச்சு, குடம் நிரப்பிக்கிட்டு வர்ற துறை வேற. அங்க ஒரு சரிஞ்ச பாறை, அதுல மஞ்சள் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கும்னு கொள்ளுப்பாட்டி சொல்லுவாங்களாம். அந்தத் துறையோட பேரை அம்மாயிகிட்ட சொல்லியிருக்காங்க. அம்மாயிக்கு வயசானப்போ அது நினைவுல இல்ல. "ஏதோ ஒரு துறை"ன்னு மட்டும் சொல்லுவாங்க. கோயில் பேரு தெரியும், கோட்டை பேரு தெரியும், கவர்னர் பேரு, இன்ஜினியர் பேரு எல்லாம் தெரியும். தினம் ரெண்டு வேளை நூறு பொம்பளைங்க போயிட்டு வந்த இடத்துக்குப் பேரு இல்ல.

நஷ்டஈடு விஷயமும் அப்படித்தான். அப்போ நடைமுறையில இருந்தது 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம். நிலத்துக்குச் சொந்தக்காரன் யாரோ அவனுக்குப் பணம். பட்டா எல்லாம் ஆம்பளைங்க பேர்ல. கூலிக்குப் போனவங்க, வாரத்துக்குப் பயிர் வெச்சவங்க, ஆத்துல மீன் பிடிச்சவங்க, ஆடு மேய்ச்சவங்க கணக்குல நிக்க ஒரு காகிதம் வேணுமே, அது இல்ல. கொஞ்சம் பேர் மலை தாண்டிக் கொள்ளேகால் பக்கம் போய்க் குடியேறிட்டாங்க. அங்க இன்னைக்கும் தமிழ் பேசுற ஊர்கள் இருக்கு.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், நம்ம மலர்ல இருக்க வேண்டிய விஷயம். 1989-ல ரெண்டு காரியம் நடந்துச்சு. பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகன் மாதிரி பங்கு உண்டுன்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் அந்த வருஷம் வந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல தர்மபுரி மாவட்டத்துல மகளிர் குழுத் திட்டம் தொடங்குச்சு. நாம எல்லாரும் உட்கார்ந்து சந்தா கட்டுறோமே, இந்தக் குழு முறைக்கு நம்ம மாநிலத்துல முதல் ஊர் அந்தக் காவேரி மலைப் பக்கம்தான். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல சேலத்துக்கும் வந்துச்சு. எங்க அம்மா ஆரம்பத்துலேயே சேர்ந்தவங்க. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது குழுவுலதான். தண்ணிக்குள்ள போன ஊர்கள்ல இருந்து வந்த குடும்பத்துப் பொம்பளைங்க, மூணாவது தலைமுறையில ஒரு நோட்டுப் புத்தகத்துல தன் பேரைத் தானே எழுதினாங்க.

2017 கோடையில அணை வத்திப்போச்சு. முந்தின வருஷம் மழை பொய்ச்சுடுச்சு. முழுப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருந்தேன். எழுபது எண்பது அடிக்குக் கீழ தண்ணி இறங்கினா முதல்ல மாதா கோயில் கோபுரம் தலை காட்டும், அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும். அந்த வருஷம் அதுக்கும் கீழே எவ்வளவோ போயிடுச்சு. நந்திக்கு மாலை போட்டு, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிக்கிட்டு இருந்தாங்க. பண்ணவாடிக்கு வண்டி வண்டியா ஜனம். எல்லார் கையிலயும் போன். ஐஸ் வண்டிக்காரர், சுண்டல் விக்கிறவங்க, ஒரு திருவிழா மாதிரிதான்.

நானும் அம்மாவும் நந்தியைப் பார்த்துட்டு இன்னும் உள்ளே நடந்து போனோம். தரை பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. வெடிப்புக்குள்ள கை விட்டா முழங்கை வரைக்கும் போகும். தண்ணி வத்தின இடத்துல அக்கம்பக்கத்து விவசாயிங்க சோளமும் எள்ளும் விதைச்சிருந்தாங்க. வண்டல் மண்ணு, உரமே வேண்டாம், தண்ணி திரும்ப ஏறுறதுக்குள்ள அறுத்துடணும். பாதி இடத்துல வீட்டுக் கடக்காலு வரிசையாத் தெரிஞ்சுது, கல்லுக் கல்லா. ஓட்டுச் சில்லு, பானை ஓடு கால்ல இடறுச்சு. ஒரு இடத்துல மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச உரல் ஒண்ணு. அம்மா அதுகிட்ட போய் உட்கார்ந்துட்டாங்க. எங்க வீட்டு உரல்னு எப்படிச் சொல்ல முடியும்? ஊருக்கு ஊர் உரல். ஆனா அம்மா குழிக்குள்ள இருந்த மண்ணைக் கையால வழிச்சுப் போட்டு, முந்தானையால துடைச்சாங்க. அப்புறம் எழுந்து, "நேரமாச்சு வா, பஸ் போயிடும்"னாங்க. என் பையன் திரும்பி வரும்போது கேட்டான், "இது யாரு வீடும்மா?" "நம்ம ஆளுங்க வீடு"ன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல என்கிட்ட பேரு இல்ல.

மேட்டூர் மட்டும்தான் இப்படின்னு இல்ல. பவானிசாகர் அணையில டணாயக்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கு. ஒய்சாள ராஜாக்களோட தளபதிங்க கட்டின கோட்டை, 1955-ல அணை முடிஞ்சதும் தண்ணிக்குள்ள போச்சு. அங்கயும் தண்ணி குறையிற வருஷம் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே வரும், ஜனம் ஓடிப் போய்ப் பார்க்கும்.

நமக்கு இன்னும் கிட்ட இருக்கிறது பூண்டி. இப்போ அது திருவள்ளூர் மாவட்டம், ஆனா 1997 வரைக்கும் நாமளும் அவங்களும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். சென்னைக்குக் குடிதண்ணி வேணும்னு மேயரா இருந்த சத்தியமூர்த்தி பாடுபட்டு, 1940-ல கொசஸ்தலை ஆத்துல வேலையைத் தொடங்கி வெச்சார். 1944-ல அணை திறந்தப்போ அவர் உயிரோட இல்ல, முந்தின வருஷமே காலமாயிட்டார். அந்தத் தேக்கத்துக்குள்ள போனதுதான் திருவெண்பாக்கம். சுந்தரருக்குக் கண் போனப்போ சிவபெருமான் ஊன்றுகோல் கொடுத்த தலம். கோவத்துல சுந்தரர் அந்தக் கோலை வீசி எறிஞ்சார், நந்தி கொம்பு ஒடிஞ்சுதுன்னு கதை. அம்பாள் மின்னலா வந்து வழி காட்டினாங்க, அதனால மின்னொளி அம்மை. கோயிலைப் பெயர்த்து எடுத்துக்கிட்டு வந்து கரையில கட்டி 1968-ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. கொம்பு ஒடிஞ்ச நந்தியை இப்பவும் போய்ப் பார்க்கலாம். கண்ணு தெரியாதவருக்குக் கோல் கொடுத்த சாமிக்கே வீடு மாத்த இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு பாருங்க. அதே கொசஸ்தலை ஆத்துப் பக்கம் அத்திரம்பாக்கத்துல, ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒருத்தர் 1863-ல பழைய கற்காலக் கோடாரிகளைக் கண்டுபிடிச்சார். பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்க செதுக்கின கல்லு. பூண்டியில அதுக்குன்னு ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அடுத்த தடவை கூட்டமைப்புல சுற்றுலா போட்டா அங்க போகலாம், ஒரு நாள்ல போயிட்டு வந்துடலாம்.

தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எழுதி வெச்ச இடமும் உண்டு. ஆந்திராவுல கிருஷ்ணா நதியில நாகார்ஜுனசாகர் கட்டும்போது, மலை சூழ்ந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு முழுகும்னு தெரிஞ்சுடுச்சு. இக்ஷ்வாகு ராஜாக்கள் 1,700 வருஷத்துக்கு முன்னாடி ஆண்ட தலைநகரம் அது. 1954-லேர்ந்து ஆறு வருஷம் தொல்லியல்காரங்க பள்ளத்தாக்கு முழுக்கத் தோண்டி, அளந்து, வரைஞ்சு எடுத்தாங்க. முக்கியமான புத்த விகாரங்களை மேல கொண்டு போய் மறுபடியும் கட்டினாங்க. இப்போ தண்ணிக்கு நடுவுல தீவா நிக்கிற மலைமேல அருங்காட்சியகம் இருக்கு. எகிப்துல நைல் நதி அணைக்காக அபு சிம்பெல் கோயிலை அறுத்து அறுத்து மேல தூக்கி வெச்சாங்க, அது உலகத்துக்கே தெரியும். நாகார்ஜுனகொண்டாவுல ஒரு ஆச்சரியம், அங்க கிடைச்ச கல்வெட்டுகள்ல நிறைய விகாரம், தூண் எல்லாம் கொடுத்தது ராஜ குடும்பத்துப் பொம்பளைங்க. கல்லுல பேரு வெட்டி வெச்சதால 1,700 வருஷம் கழிச்சும் தெரியுது. அதே ஊர்ல சோறு பொங்கினவங்க பேரு எதுலயும் இல்ல.

இப்போ நெம்மேலிக்கு வர்றேன். சென்னைக்குத் தண்ணி கொடுக்கிறது நமக்குப் புதுசு இல்ல. 2013-லேர்ந்து நம்ம ஊர்க் கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கிச் சென்னைக்கு அனுப்புறாங்க, தினம் 10 கோடி லிட்டர். 2024-ல பக்கத்துலேயே இன்னொண்ணு, அது 15 கோடி லிட்டர். 2025 மார்ச் பட்ஜெட்ல கோவளம் பக்கத்துல ஒரு புது நீர்த்தேக்கம் அறிவிச்சாங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகைக்கு அப்புறம் இது ஆறாவது. மழைக்காலத்துல கடலுக்கு ஓடுற தண்ணியைக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல தேக்குற திட்டம். நம்ம குழுவுலேயே ரெண்டு பேச்சு இருக்கு. கிணத்துல உப்பு குறையும், நல்லதுன்னு ஒரு பக்கம். உப்பங்கழி மீனும் இறாலும் என்ன ஆகும்னு இன்னொரு பக்கம். ரெண்டுலயும் நியாயம் இருக்கு. எனக்கு உறுத்துறது வேற. பேசுறவங்க வாயில "அது சும்மா கிடக்கிற இடம்தானே"ன்னு வருது பாருங்க, அதுதான். இங்க மலை இல்ல, இடுக்கு இல்ல, கோட்டை இல்ல. தட்டையான உப்பு நிலம், சேறு, கால்வாய். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்லாத மாதிரிதான் தெரியும். மேட்டூர்லயும் இன்ஜினியர் மேப்புல அது வெறும் பள்ளம்தான்.

ஒண்ணும் இல்லையா? இருளர் அக்காமார் இடுப்பளவு தண்ணியில நின்னு, பனையோலைப் பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி இறால் பிடிக்கிறாங்க. எந்தச் சேத்துல எந்த மாசம் எது ஒதுங்கும்னு அவங்களுக்குத் தெரியும். பக்கிங்காம் கால்வாய்ல உப்பும் சவுக்கு விறகும் ஏத்தின படகுகளைக் கரையில நடந்துக்கிட்டே கயித்தால இழுத்துப் போனதைப் பார்த்த பாட்டிமார் நம்ம கூட்டமைப்புலேயே இருக்காங்க. சாளுவன்குப்பத்தை எடுத்துக்குங்க. 2004 சுனாமி வந்து மணலை அரிச்சுக்கிட்டுப் போனப்போ பாறையில எழுத்து தெரிஞ்சுது. தோண்டிப் பார்த்தா, பல்லவர் காலத்து முருகன் கோயில், அதுக்கும் கீழ அதைவிடப் பழைய செங்கல் கோயில். கல்லுல செஞ்ச வேல் ஒண்ணு. நாம ஆடு மேய்ச்ச மணல்மேட்டுக்கு அடியில அது அத்தனை காலமா இருந்திருக்கு.

அதனால எங்க குழுவுல போன தை மாசத்துலேர்ந்து ஒரு வேலை பண்றோம். தீர்மானப் புத்தகத்தோட சேர்த்து ஒரு இருநூறு பக்க நோட்டு தனியா வாங்கி வெச்சிருக்கோம். கூட்டம் முடிஞ்சு, சேமிப்புப் பணம் எண்ணி முடிச்ச பிறகு பத்து நிமிஷம், யாராவது ஒருத்தங்க ஒரு இடத்தைப் பத்திச் சொல்லணும். பேரு என்ன, யாரு அப்படிக் கூப்பிட்டாங்க, அங்க என்ன எடுத்தோம், எந்த மாசம், அங்க யாருக்குப் பிரசவம் ஆச்சு, யாரு விழுந்து அடிபட்டாங்க, எந்தச் சாமிக்குப் பொங்கல் வெச்சோம். நான் எழுதுறேன். சொன்னவங்க கீழே கையெழுத்துப் போடுறாங்க, போடத் தெரியாதவங்க கைநாட்டு. 2013-ல வந்த நில எடுப்புச் சட்டத்துல, நிலம் இல்லாம அந்த இடத்தை நம்பிப் பொழைக்கிறவங்களும் பாதிக்கப்பட்டவங்கன்னு இருக்கு. விதவை, விவாகரத்து ஆனவங்க, கைவிடப்பட்டவங்க தனிக் குடும்பமாவே கணக்குன்னும் இருக்கு. நாளைக்கு எதுக்காவது யாராவது வந்து கேட்டா, காட்ட நம்மகிட்ட ஒரு நோட்டாவது இருக்கும்.

இதுவரைக்கும் 41 பக்கம் ஆகியிருக்கு. மூணு கிணறு, ரெண்டு பனந்தோப்பு, கால்வாய்ல படகு நின்ன இடம், உப்பு வாரினவங்க கஞ்சி குடிக்க உட்கார்ந்த புங்க மரம், அது இப்போ இல்ல. உப்பளத்துக்குத் தெற்கே ஒரு மேடு இருக்கு, அதுக்கு ரெண்டு பேரு சொல்றாங்க, ரெண்டையும் எழுதியிருக்கேன். கால்வாய்க்குக் கிழக்கே பொம்பளைங்க இறங்கித் துணி துவைச்ச படிக்கட்டு ஒண்ணு இருந்துச்சாம், அதுக்கு என்ன பேருன்னு எங்க குழுவுல யாருக்கும் தெரியல. உங்க மாமியாருக்கோ பாட்டிக்கோ தெரிஞ்சிருந்தா செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. நடக்க முடியாதவங்கன்னா சொல்லுங்க, நோட்டை எடுத்துக்கிட்டு நான் வீட்டுக்கே வர்றேன்.